பம்பரத்தை ஏவும் சொல்

பல் டாக்டர் வெளியூர் போகும்போதெல்லாம் தன் நாயை அவளிடம் விட்டுவிட்டுப் போவார். விடும்போது ஒரு பிரசங்கமும் நடக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், படுக்கை சன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், பெயரைச் செல்லமாக நீட்டிக் கூப்பிட வேண்டும். நாயின் பெயர் இளவரசி. புதருக்குள் தலைகுப்புறப் பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடுவதற்கென்றே பிறந்த ஸ்பேனியல் ஜாதி நாயை, சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று வாங்கிய மனுஷன் வேறென்ன பெயர் வைப்பார்! அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் அவள் அதைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவாள்.

நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. கணவனைப் பிரிந்து வந்தவளுக்கு அண்ணன் "பெரிய மனசு பண்ணி" விட்டுக்கொடுத்த கீழ்வீடும் பின்பக்கத் தோட்டமும்தான் இடம். பெரிய மனசு என்பது அண்ணன் வாக்கு. வீட்டுப் பத்திரத்தில் பாதி அவள் பெயரில் இருப்பதை அந்தப் பெரிய மனசு எப்போதோ மறந்துவிட்டது. இப்போது தோட்டத்தை அடுத்த தெரு ஓட்டலுக்குக் கார் நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு யோசனை. தோட்டம் போனால் நாய்கள் போகும். நாய்கள் போனால் அவள் மறுபடியும் அண்ணியின் அடுப்படியில் எடுபிடிதான்.

இதையும் அண்ணன் நேரில் வந்து சொல்லவில்லை. மாடிப்படி இறங்கினால் கௌரவம் தேய்ந்துவிடும் என்பதுபோல் எல்லாவற்றையும் போனிலேயே சொல்லுவார். "சரிண்ணே, சரிண்ணே" என்று இவளும் கேட்டுக்கொள்வாள். கணவனிடமும் அதே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாள். சாமர்த்தியம் என்று எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை, நாய் விஷயத்தைத் தவிர.

இந்தத் தடவை அந்தச் சாமர்த்தியமும் காலை வாரியது. பம்பரத்துக்குத் தினமும் ஓட்டம் வேண்டும், மூக்குக்கு வேலை வேண்டும். உட்காரவைத்துவிட்டுப் பந்தைப் புல்லில் ஒளித்துவைப்பாள். முடிந்ததும் நீளக் காதுகளைப் புரட்டிப் புல்விதை பொறுக்குவாள். ஆனால் அருமையாக உட்கார்ந்திருக்கும் நாய், திடீரென்று பிசாசு பிடித்ததுபோல் வேலிப் புதருக்குள் பாய்ந்தது. புறாக்கள் படபடவென்று எழும்பின. அவள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் இது நடக்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாளாயிற்று. டாக்டரைக் கூப்பிட்டாள்.

"உட்கார வச்ச பிறகு, ஓடவிட என்ன சொல்லுவீங்க டாக்டர்?"

"பெருசா ஒண்ணும் இல்லையே. 'சரி'ன்னா ஓடிடும். நான் சொல்லல?"

"வெதுவெதுப்பான தண்ணியைப் பத்திச் சொன்னீங்க."

போனை வைத்தபிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. அண்ணனோடு ஒருமுறை பேசி முடிப்பதற்குள் நாய்க்கு எத்தனை முறை கட்டளை போயிருக்கிறது! அன்றிலிருந்து போனில் வெறும் "ம்" போட்டாள். தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டாரே தவிர, தங்கை எதற்கும் சம்மதம் சொல்லவில்லை என்பது அண்ணனுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பம்பரத்தைத் தோட்டத்தின் நடுவில் உட்காரவைத்துவிட்டு, பந்தை ஒளித்துவைத்து நிமிர்ந்தாள். பின்கேட் திறந்தது. அதிசயமாக அண்ணனே இறங்கி வந்திருந்தார், கூடவே ஓட்டல்காரர். கேட்டை மூட வேண்டும் என்று இரண்டு பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஓட்டல்காரர் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"இவரு இன்னைக்கே முடிவு தெரியணுங்கறாரு. நீயும் உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார் அண்ணன். எந்த வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. அது மற்றவர்கள் அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை. அவர் வாயில் அது வந்ததே கிடையாது.

பழக்கம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பம்பரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின, மொட்டை வால் துடித்தது, மூக்கு திறந்திருந்த கேட்டின் பக்கம் திரும்பியிருந்தது.

"மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"மாட்டேண்ணே."

நாய் அசையவில்லை. ஓட்டல்காரர் அண்ணனைப் பார்த்தார். அவள் விறுவிறுவென்று போய் கேட்டைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

அண்ணனுக்கு அப்போதுதான் போன மூச்சு வந்தது. "ஓ, நாய் ஓடிடும்னு பயந்துட்டியா! நான் வேற என்னவோன்னு நினைச்சேன்" என்று ஓட்டல்காரரைப் பார்த்துச் சிரித்தார். "அதான் மூடியாச்சுல்ல. இப்பச் சொல்லு."

உண்மைதான். இனி அவள் எந்த வார்த்தையைச் சொன்னாலும் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. முதல் தடவை சொன்னது நாய்க்காக என்பது அவளுக்கே தெரியும்.

"இப்பவும் மாட்டேன்" என்றாள். "பாதி வீடு என்னோடது."

அண்ணன் சிரிப்பை முடிக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நின்றார். ஓட்டல்காரர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.