சார்ஜ் ஏற இருபத்தைந்து நிமிடம்

நாக்கு கூசாமல் பொய் சொல்கிற ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் அந்த ரகம் இல்லை. ஐம்பத்து நாலு வயதுக்கு அவர் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் காரின் தலையில் கட்டித்தான் சொன்னார். "சார்ஜ் ஏறணும், இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்." அவ்வளவுதான். இதில் யார் குடி கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார், பாவி மனுஷன்.

கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைமுடி அளவுக்கு விரிசல் இருந்தாலும் போதும், கை தானாகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துவிடும். அங்கே அவருக்குப் பெயரே விரிசல் சார்தான். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்கே தெரியாது.

வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். போக ஒரு தொண்ணூற்றாறு, வர ஒரு தொண்ணூற்றாறு. பதினொரு வருஷமாக ஒரு டீசல் காரில் அந்த ரோட்டைத் தேய்த்தார். "அங்கேயே ஒரு வீட்டைப் பார்த்துக்க வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லாத வீடு, அவளுக்கு அந்த வகுப்புப் பிள்ளைகள்தான் எல்லாம். அவளைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த டீச்சருக்கு நுரையீரலில் தழும்பு விழ ஆரம்பித்தது. ஏன், எதனால் என்று மருத்துவருக்கே தெரியவில்லை. "விழுந்தது விழுந்ததுதான். மேல விழாம பார்த்துக்கலாம்" என்றார். பள்ளிக்கூடம் நின்றது. மாடிப்படி நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது. இடைவிடாமல் ஓர் உறுமல், நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஒரு புஸ். பகலில் டீச்சரின் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. காலையில் அவர் கிளம்பும்போது வருவாள், அவர் திரும்பி வந்த பிறகு போவாள். அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டுப் பழக்கம்.

காரை மாற்றச் சொன்னது டீச்சர்தான்.

"ஏங்க, நீங்க கேட்டத் திறக்கிறதுக்கு முன்னாடியே புகை உள்ள வந்து எனக்கு ஹலோ சொல்லிடுது" என்றாள். சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் இருமினாள். "கரண்டு கார் வாங்கிடலாம்."

"நடுவழியில நின்னுட்டா? தள்ளிக்கிட்டா வருவேன் டீச்சர்?"

"அதெல்லாம் கணக்குப் போட்டாச்சு."

போட்டிருந்தாள். கட்டம் போட்ட நோட்டு, சிவப்புப் பேனா, அடிக்கோடு எல்லாம் இருந்தது. கம்பெனிக்காரன் இருநூற்று முப்பது கிலோமீட்டர் ஓடும் என்றால் கால்வாசியைக் கழித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. வீட்டில் சார்ஜ் போட்டுக் கிளம்பினால், திரும்பி வரும் வழியில் சரிபாதித் தூரத்தில் பதினாறு பர்சென்ட் மிச்சமிருக்கும். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. இருபத்தைந்து நிமிஷம் போட்டால் வீடு வந்து சேரலாம்.

காரை வாங்கினார்கள். காருக்கு ஒரு ஆப் உண்டு. தொழிற்சாலைக்குள் கேமரா போனுக்கு அனுமதி இல்லாததால் அவரிடம் இருந்தது பொத்தான் போன். ஆகவே ஆப் டீச்சரின் போனில் ஏறியது. "கார் எங்க ஓடுது, எங்க நிக்குது, எவ்வளவு சார்ஜ், எல்லாம் இதுல தெரியும். இனிமே என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று சிரித்தாள். முதல் வாரம் முழுக்க அதே பேச்சு. "இன்னைக்குப் பதினஞ்சுல வந்து நின்னீங்களே, பயமா இல்லையா?" என்பாள். பிறகு அந்தப் பேச்சு குறைந்தது, நின்றது. புது ஆசை தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனார். பாட்டில் விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதர், பாருங்கள்.

சார்ஜ் போடும் இடத்தில் என்ன இருக்கிறது? இரண்டு கம்பங்கள், ஒரு தகரக் கூரை, ஒரு டீக்கடை, ஒரு புங்க மரம். அவர் ஒயரை மாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பாட்டோ செய்தியோ போடுவதில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பாட்டிலோடு பாட்டில் மோதும் சத்தம். வீட்டில் மெஷின் உறுமல், அதற்கு நடுவே அவள் இருமல். இந்தக் காருக்குள் சத்தமே இல்லை. இஞ்சின் சத்தம்கூட இல்லை. சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். சில நாள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுவார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும்போது சிரித்த முகமாகப் போவார். "என்ன டீச்சர், இன்னைக்கு எத்தனை பேரை முட்டி போட வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். அவளும் சிரிப்பாள்.

ஐந்து மாதம் கழித்துத் தொழிற்சாலையிலேயே, வண்டி நிறுத்தும் இடத்தில், நாலு சார்ஜ் கம்பங்கள் நட்டார்கள். காலையில் மாட்டிவிட்டால் சாயங்காலம் நூறு பர்சென்ட். இனி வழியில் நிற்க வேண்டிய தேவை இல்லை. நேரே வீட்டுக்கு வரலாம், இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே.

அன்று சாயங்காலம் நேரே போவதாகத்தான் கிளம்பினார். புங்க மரம் கண்ணில் பட்டதும் கை தானாக வண்டியை ஒடித்தது. மறுநாளும் அப்படியே. கம்பம் நட்டதை வீட்டில் சொல்லவில்லை. முதலில் ஒப்புக்கு ஒயரை மாட்டினார். பிறகு அதுவும் இல்லை, மரத்தடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். "என்னண்ணே, சார்ஜ் போடலையா?" என்று டீக்கடைக்காரம்மா கேட்பாள். "போதும்மா, இருக்கு" என்பார். வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் வாய் தானாகச் சொல்லும்: "சார்ஜ் ஏறிட்டிருக்கு."

குறுகுறுப்பு இல்லாமல் இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் பறந்தார். ஆனால் மறுநாள் பழையபடிதான்.

மழைக்காலம் வந்ததும் டீச்சர் ரொம்பவும் தளர்ந்துவிட்டாள். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீடே போதும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் அவள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இருக்கணும். கையை மட்டும் பிடிச்சுக்குங்க. எனக்குத் தனியா போக பயமா இருக்கு."

"என்ன பேச்சு டீச்சர் இது."

"சொல்லுங்க."

"இருப்பேன். இந்தக் கையை விட்டுட்டு எங்க போவேன்?"

லீவு போட்டார். இருந்த லீவெல்லாம் தீர்ந்தது. மருத்துவர் இன்னும் சில வாரம் ஓடும் என்றார். சரி, நாலு நாள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனார். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குக் கிளம்பி, ஐந்து ஐம்பத்தைந்துக்குப் புங்க மரத்தடியில் நின்றார். கண்ணாடியை ஏற்றினார். ஆறு பதின்மூன்றுக்கு போன் அடித்தது. சின்னவள்.

"சார்ஜ் ஏறிட்டிருக்கும்மா, இதோ கிளம்..."

"அத்தான், அக்காவுக்கு மூச்சு இழுக்குது. வாங்க அத்தான். உடனே வாங்க."

வண்டியைக் கிளப்பினார். எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் கார் நின்றபோது ஏழு எட்டு. உள்ளே ஓடினார். சின்னவள் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டீச்சரின் வலது கை போர்வைக்கு வெளியே, விரல்கள் விரிந்தபடி கிடந்தது. ஆறு ஐம்பத்தேழுக்கு அடங்கிவிட்டது என்றாள் சின்னவள். அவர் அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதுதான் அவரை உடைத்தது. "வந்துட்டேன் டீச்சர், வந்துட்டேன்" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

கணக்கு டீச்சரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவருக்கு இந்தக் கணக்கு போடத் தெரியாதா? மரத்தடியில் நின்றது பதினெட்டு நிமிஷம். நிற்காமல் வந்திருந்தால் ஆறு ஐம்பதுக்கு வீடு. ஏழு நிமிஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகும் அந்த ஏழு அவரை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் சின்னவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கம்பம் நட்டது, நூறு பர்சென்ட், மரத்தடி, பொய் எல்லாம். "உங்கக்காவை ஏமாத்திட்டேம்மா" என்றார்.

சின்னவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தக் கட்டம் போட்ட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கார் வாங்கிய நாளிலிருந்து டீச்சர் தேதிவாரியாக எழுதியிருந்தாள். தொழிற்சாலையில் கிளம்பும்போது எத்தனை பர்சென்ட், மரத்தடியில் எத்தனை, நின்றது எத்தனை நிமிஷம். ஆரம்பத்தில் கிளம்பும்போது நாற்பத்து நாலு, மரத்தடியில் பதினாறு. ஐந்து மாதத்துக்கு அப்புறம் ஒரு தேதியில் கிளம்பும்போது நூறு, மரத்தடியில் எழுபத்திரண்டு, நின்றது இருபத்தைந்து. அந்த நூறை மட்டும் சிவப்பு மையில் ஒருமுறை சுழித்திருந்தாள். அதற்குப் பிறகு சுழிக்கவில்லை. தினம் நூறு, எழுபத்திரண்டு, இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்து நாலு. கையெழுத்து போகப்போகக் கோணியது. ஒரே ஒரு நாள் பதினொன்று. அதற்கு எதிரே எழுதியிருந்தாள்: "இன்று பதினொன்றுதான். பாவம், சரியாக உட்காரக்கூட இல்லை."

அவருக்கு எழுத்து மறைந்தது.

"அக்காவுக்கு முதல் நாளே தெரியும் அத்தான்" என்றாள் சின்னவள். "நான்தான் குதிச்சேன், அத்தானைக் கேளுன்னு. அக்கா விடலை. 'எனக்கு மூச்சு விட மெஷின் இருக்குடி. அந்த மனுஷனுக்கு அந்த மரத்தடிதான் இருக்கு. அவரைக் கேட்டு அதையும் பிடுங்கிடாதே'ன்னு சொல்லும். வண்டி அங்க நின்னுட்டா போன் பண்ண விடாது. ரொம்ப அவசரம்னாதான் கூப்பிடணும்."

அவர் அந்தப் பதினொன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு..." அவள் நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள். "அன்னைக்கு அஞ்சு அம்பதுக்கே இழுக்க ஆரம்பிச்சிடுச்சு அத்தான். நான் போனை எடுத்தேன். அக்கா ஆப்பைத்தான் பார்த்துட்டிருந்தது. வண்டி போய் அங்க நின்னுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இப்பதாண்டி நின்னார், கொஞ்சம் பொறு, உட்காரட்டும்'னுச்சு. எனக்கும் முன்ன மாதிரி சரியாயிடும்னு நெனப்பு. நான் கேட்டிருக்கக்கூடாது. கையை உதறிட்டுக் கூப்பிட்டிருக்கணும். பதினெட்டு நிமிஷம் பார்த்துட்டு இருந்துட்டேன் அத்தான்."

இருவரும் அழுதார்கள். யார் யாரைத் தேற்றுவது?

நோட்டின் கடைசி வரியில் கிறுக்கலாக அன்றைய தேதி இருந்தது. நூறு, எழுபத்திரண்டு. நிமிஷக் கட்டம் காலியாக இருந்தது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினெட்டு என்று எழுதினார். எழுதியதற்குக் கீழே அவள் செய்வதுபோல ஒரு கோடு போட முயன்றார். கோடு வழுக்கிக்கொண்டு போனது.

சின்னவள் மத்தியானம் தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை மெஷினை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, கூடம், சமையலறை, அவள் அறை எல்லாம். அவருக்கு மூச்சு முட்டியது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து மெஷினின் சுவிட்சைப் போட்டார். அது உறும ஆரம்பித்தது. குழாயின் நுனி தலையணையில் கிடந்து யாருக்கோ புஸ், புஸ் என்று காற்று விட்டது. சாயங்காலம் சின்னவள் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான் இது? அணைச்சிடட்டுமா?"

"இருக்கட்டும்மா" என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."