இல்லாத துப்பாக்கி

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது என் வேலை. இரும்பு நீலமாகத் தெரியும். துணி, சோறு, பலகாரம் எல்லாம் ஆரஞ்சு. நாள் முழுக்க ஆரஞ்சையே பார்த்தால் யாருக்கும் கண் சொக்கும். அதனால் மிஷினே அவ்வப்போது ஒரு துப்பாக்கிப் படத்தை யாராவது ஒருவர் பைக்குள் நுழைத்துக் காட்டும். நான் பொத்தானை அமுக்கினால், 'இது சோதனை' என்று சொல்லிப் படத்தை எடுத்துவிடும். அமுக்காவிட்டால் என் தலை உருளும். இல்லாததைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று மஸ்கட் விமானத்துக்கு வந்தவர் திரவியம். தம்பானூரில் புரோட்டா மாஸ்டராக இருந்ததையும், இரண்டு வருட விசா கிடைத்ததையும் யாரும் கேட்காமலே சொன்னார். பை உள்ளே போனதும், நிற்கக் கூடாத இடத்தில் நின்று என் திரையை எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தானா மிஷின் அவர் சட்டைகளுக்கு நடுவே துப்பாக்கியை வைக்க வேண்டும்? பொத்தானை அமுக்கினேன். படம் போனது, பை வெளியே வந்தது. மனிதர் எடுக்கவில்லை.

"மேடம், உள்ள தோக்கு இருக்கு. எம் பெஞ்சாதி வச்சதாக்கும்."

"அது மிஷின் காட்டின வெறும் படம் அண்ணாச்சி. எடுத்துட்டுப் போங்க."

"படமொண்ணும் இல்ல. நான் போறது ரத்னாபாய்க்கு இஷ்டமே இல்ல. தடுக்கதுக்கு வச்சுட்டா, பாத்தியளா."

முகத்தில் பயமே இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு வருகிற வெட்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோக்கோ துப்பாக்கியோ, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் பையைத் திறந்தாக வேண்டும். என் மேலதிகாரி பினு சார் வந்து கொட்டினார். சட்டை, லுங்கி, ஒரு பொதி முந்திரிக்கொத்து. மறுபடி மிஷினில் விட்டோம். ஜிப்பின் நீலக் கோட்டைத் தவிர எல்லாம் ஆரஞ்சு.

"அப்ப அவ ஒண்ணுமே வைக்கல்லியா?" என்றார் திரவியம். பையில் துப்பாக்கி இல்லையே என்று கண் கலங்கிய பயணியை அன்றுதான் பார்த்தேன். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

பினு சார் போர்டிங் பாஸை நீட்டி, தன் மலையாளத் தமிழில் அவசரப்படுத்தினார். "கேட் அடைக்கப் போறாங்க கேட்டோ. வேகம் போங்க."

"அவள்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடட்டா?"

குற்றம் சாட்டப்பட்டவள் அல்லவா, ஸ்பீக்கரில் போடச் சொன்னார் சார்.

"ரத்னா, நீ பையில தோக்கு வச்சியா?"

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

"தோக்குக்கு நான் எங்க போவேன். கிட்டியிருந்தா வச்சிருப்பேன்."

பினு சார் போர்டிங் பாஸை மெல்லத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி விசாரணை முடியாமல் விடமாட்டார்கள், மஸ்கட் விமானம் போய்விடும் என்று திரவியத்திடம் நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். போனை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"ராத்திரி எனக்கும் சேத்து சோறு வையி."