பல்ப்பர்காரி

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் மார்கழியில் பொன்னுவேல் பட்டாளத்து வேலையிலிருந்து திரும்பி வந்தபோது அவன் மனைவி கண்ணம்மாள் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைனில் இல்லை. பல்ப்பர் கொட்டகையில் இருந்தாள். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளும் இயந்திரம் அங்கேதான் ஓடியது. ஆள் வந்து சொன்னதும் அவள் ஓடிவிடவில்லை. வாய்க்கால் மடையை அடைத்து, தண்ணீர்ச் சக்கரம் முழுக்க நின்ற பிறகுதான் வெளியே வந்தாள். ஓடுகிற இயந்திரத்தை விட்டுப் போகக் கூடாது என்பது நாலு வருஷத்தில் அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது.

அவள் பிறந்தது ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில், சொந்தக் காட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்த குடும்பத்தில். சண்டைக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் உலகம் முழுக்க விலை விழுந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். மலைக்கு அது தெரிந்த விதம் வேறு. பழமும் மிளகும் வாங்க ஏறி வரும் சேலத்து வியாபாரிகள் வராமலே நின்றுபோனார்கள். பலாப்பழம் மரத்தடியிலேயே அழுகியது. வரி கட்ட வழியில்லாமல் காடு ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் யாரென்றுகூட அவள் அப்பா பார்க்கவில்லை. அப்படி நிலம் போன குடும்பங்கள் ஒவ்வொன்றாக மஞ்சக்குட்டைப் பக்கம் நரிப்பாறை எஸ்டேட் லைனில் குடியேறின. அங்கே பல்ப்பர் ஓட்டிக்கொண்டிருந்த பொன்னுவேலுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. ஏற்காட்டு ஏரிக்கரையில் லாரியை நிறுத்தி ஆள் எடுத்தார்கள். அசாமில் ரோடு போடும் வேலை, மூன்று வேளை சோறு. அரிசி கண்ணில் படாத வருஷம் அது. லைனிலிருந்து பதினாறு பேர் ஏறினார்கள், பொன்னுவேலும் ஏறினான். எஸ்டேட்டில் ஆண் பிள்ளை என்று சொல்ல ஆளில்லாமல் போனபோது, புருஷனுக்குச் சோறு கொண்டுபோய்ப் பார்த்துப் பழகியிருந்த கண்ணம்மாளிடம் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை பல்ப்பரை ஒப்படைத்தார்.

முதல் வருஷம் திணறினாள். தோலை உரிக்கும் செம்புத் தகட்டை நெருக்கி வைத்தால் கொட்டை நசுங்கும், தள்ளி வைத்தால் தோலோடு விழும். அடுத்த வருஷம் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டாள். தொட்டியில் ஊறும் கொட்டையை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பாள். வழுக்கல் போய் நறநறவென்றால் கழுவச் சொல்வாள். கொடுத்தது பெண் கூலிதான். ஆனால் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கோவிந்தராஜே, "கண்ணம்மா, இன்னைக்குக் கழுவலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்களை இறக்குவார்.

போன பதினாறு பேரில் திரும்பியது ஒன்பது பேர். பொன்னுவேல் மலைக்காய்ச்சலில் கருத்து, பாதியாகியிருந்தான். ரோட்டு வேலையில் இருந்தபோது மேலே குண்டு விமானம் வந்த கதையை ஒரே ஒருமுறை சொன்னான், அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டான். பல்ப்பர் கடகடக்கத் தொடங்கினால் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பான். கொட்டகைப் பக்கமே போகாமல் இருந்தான்.

அடுத்த வருஷம் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினார். வாங்கியவர் சேலத்துக் குழந்தைவேல், சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குச் சாக்கும் தார்ப்பாயும் கொடுத்துப் பெரிய ஆளானவர். முதல் நாளே கொட்டகைக்கு வந்தவர், மடையருகே நின்ற கண்ணம்மாளைப் பார்த்து ரைட்டரிடம் திரும்பினார்.

"மெஷின்ல பொம்பளையா? ஆம்பள ஆளே இல்லீங்களா?"

"சண்டைல ஆள் போயிட்டாங்க. அப்ப வெச்சதுங்க."

"இவ ஊட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து வந்திருக்காராமே. நாட்டுக்குப் போயிட்டு வந்தவருக்கு வேலை இல்லைன்னா நல்லாவா இருக்கும்? அவரையே போடுங்க. இந்தம்மா களையெடுக்கப் போகட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரிய உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார். பொன்னுவேலைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் வந்து விறைப்பாக நின்றான்.

"ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேனுங்க."

கண்ணம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இவருக்கு முடியாதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் ரைட்டர்தான் அவளைக் கூப்பிட்டு வழி சொன்னார். "பேரு அவனுதா இருக்கட்டும். சோறு கொண்டாற மாதிரி வந்து நீயே ஓட்டீரு. முதலாளி மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு." அப்படியே நடந்தது. அவள் உள்ளே ஓட்டினாள். பொன்னுவேல் வாய்க்கால் மேட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீக்கிரமே லைனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வெளியே சொல்லவில்லை.

தை மாதம், பழம் மலைபோல் குவிந்திருந்த நாளில், குழந்தைவேல் இரண்டு விருந்தாளிகளோடு சொல்லாமல் வந்துவிட்டார். காரைப் பார்த்த ரைட்டர் ஓடிவந்து கண்ணம்மாளைப் பின்பக்கமாக வெளியே அனுப்பினார். இயந்திரத்தைக் காட்டச் சொன்னார் முதலாளி. பொன்னுவேல் மடையைத் திறந்தான். சக்கரம் வேகம் பிடித்தது. பழம் கொட்டிக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு கல் சிக்கிச் சத்தம் படபடவென்று வெடித்தது. உடனே மடையை அடைத்திருக்க வேண்டும். அவனோ இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டான். கண்ணம்மாள் பின்பக்கமிருந்து ஓடிவந்து மடையை அடைப்பதற்குள் செம்புத் தகடு நீளக் கிழிந்துவிட்டது.

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார். குழந்தைவேல் சிரிக்கவில்லை.

"என்ன நடக்குது இங்க?" என்றார். கண்ணம்மாள் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "முன்னாலயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார்.

புதுத் தகட்டுக்குச் சேலத்திலும் மதராசிலும் ஆள் போய்ப் பார்த்தார்கள். சண்டை முடிந்தும் செம்பு கிடைக்கவில்லை. குவிந்த பழம் மூன்றாம் நாள் புளித்து நாறியது. இனி பழத்தை அப்படியே களத்தில் காயவைத்து விற்றுவிடலாம், அதற்குத் தண்ணீரும் வேண்டாம் இயந்திரமும் வேண்டாம் என்று முதலாளி முடிவெடுத்தார். பல்ப்பரைக் கழற்றி இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள். ரைட்டரை மாற்றினார்கள். தொட்டியில் கொட்டை கழுவிய எட்டுப் பெண்களுக்கும் வேலை போனது.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி அத்தாயி. அவள் புருஷன் அசாமிலிருந்து திரும்பாதவன். தண்ணீர்க் குழாயடியில் கண்ணம்மாளைப் பார்த்து, "உம் புருஷன் மானத்துக்கு எங்க எட்டுப் பேரு சோறு போச்சு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணம்மாள் நிரம்பாத குடத்தோடு திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

மாசியில் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். புருஷனும் பெண்சாதியும் நடந்தே சேலத்துக்கு இறங்கினார்கள். அடிவாரத்தைத் தாண்டி வெள்ளைக்கல் வெட்டும் குழியில் அவளுக்குக் கூடை சுமக்கும் வேலை கிடைத்தது. கல் தூசியில் தலைமுடியும் இமையும் வெளுத்தன. பொன்னுவேலை யாரும் எடுக்கவில்லை. அவன் தினமும் காலையில் ஊருக்குள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஆபீசுக்குப் போய் வாசலில் நின்றான். சண்டைக்குப் போனவர்களுக்கு வேலை தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பட்டாளத்தில் இருந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். ரோடு போட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. இருந்தாலும் போனான்.

ஒரு நாள் மத்தியானம் கூலி வாங்கிக்கொண்டு அவனைத் தேடிப் போனாள் கண்ணம்மாள். ஆபீஸ் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போலாமுங்க. அவங்க தரமாட்டாங்க."

"இன்னைக்கு ஒரு அய்யா நல்லாப் பேசினாரு" என்றான் பொன்னுவேல். பல நாளைக்குப் பிறகு அவன் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. "அடுத்த சண்டை எப்ப வரும்னு கேட்டேன்."

கண்ணம்மாள் அவனையே பார்த்தாள்.

"தெரியாதுன்னுட்டாரு. வந்தாச் சொல்றேன்னாரு."

அவள் எழுந்து நின்றாள். அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். அவன் வரவில்லை. ஆபீஸ் சாத்த இன்னும் நேரம் இருக்கிறது என்றான்.