மேஸ்திரி வீட்டு மாதிரிக் கழிப்பறை

டைல்ஸ் மேஸ்திரி வீட்டுக் கழிப்பறையைப் பார்த்து வயிறெரியாதவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. சுகாதாரத் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் கிடைத்தது அதே நாலு சுவரும் தகரக் கதவும்தான். மேஸ்திரி மட்டும், வேலை பார்த்த இடங்களில் மிஞ்சிய துண்டு டைல்ஸைச் சேர்த்துவைத்து, உள்ளே நீலமும் வெள்ளையுமாக இழைத்துவிட்டார். திட்ட ஆபீஸ்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, கதவில் ‘மாதிரிக் கழிப்பறை’ என்று பலகை மாட்டிப் போனார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. யார் எப்போது பார்க்க வருவார்களோ என்று மேஸ்திரி அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குடும்பம் பழையபடி பின்சுவருக்கு அப்பால் போய்வந்தது.

அவர் மகளுக்கு ஒன்றரை வயது. தெருவே ‘குண்டம்மா’ என்று கூப்பிடும். தூக்கினால் எலும்புதான் கையில் தட்டுப்படும். மேஸ்திரிக்கு அவள்மேல் உயிர். தினமும் முட்டையைத் தானே உரித்து, உதிர்த்து, கெஞ்சிக் கொஞ்சி ஊட்டுவார். முட்டை உள்ளே போகும். பின்னாலேயே வயிற்றுப்போக்கு கிளம்பும்.

அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தைகளுக்கு எடை பார்ப்பவள் மேஸ்திரியின் கூடப்பிறந்த அக்காதான். தம்பியாயிற்றே என்ற தயவு தாட்சண்யமெல்லாம் அவளிடம் கிடையாது. இந்த மாதம் தராசு முள் போன மாதத்துக்கும் கீழே நின்றது.

“இன்னும் எறங்கினா ஆஸ்பத்திரியிலதான்டா சேக்கணும்.”

“தெனமும் முட்டை குடுக்கறேனேக்கா!”

“குடுத்து? பின்சுவர்கிட்ட உக்கார்ற ஈதான் இவ தட்டுலயும் வந்து உக்காருது. நீ கோழிப்பண்ணையையே வாங்கி ஊட்டினாலும் ஒடம்புல ஒட்டாது. மொதல்ல அந்த அரண்மனையத் தொற.”

“நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாருக்கா. அவரு பாத்துட்டுப் போயிடட்டும்...”

மேஸ்திரியின் மனைவி குழந்தைக்குச் சட்டையை மாட்டியபடியே சொன்னாள்: “ஆபீசருங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. இவ இருப்பாளா?”

மேஸ்திரி மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பூட்டைத் திறந்தார்.

மறுநாள் காலை ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். வேடிக்கை என்றால் அந்தத் தெருவுக்குச் சொல்லவா வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டு மொத்தமாகத் திரண்டுவிட்டது. பார்த்தால், மாதிரிக் கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது.

“கொஞ்சம் தெறக்கச் சொல்லுங்க. படம் எடுத்துட்டு உடனே கெளம்பணும்.”

“ஆள் இருக்கு சார்” என்றார் மேஸ்திரி. “எம் பொண்ணும் அவங்க அம்மாவும். அவசரப்படுத்தினா அழுவா.”

“பொறுமையா போகட்டும், விடுங்க சார்!” என்று கூட்டத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெயிலில் கைகட்டி நின்றார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. நீல டைல்ஸ் முழுக்க ஈரமும் மண்ணுமாகக் கால்தடங்கள். மேஸ்திரியின் முகம் சுண்டிப்போனது. கை தானாகத் துடைக்கிற துணியைத் தேடியது. ஆனால் குழந்தை “ப்பா” என்று தாவவும், டைல்ஸாவது ஒன்றாவது!

அன்றிலிருந்து கதவில் பூட்டு இல்லை. வயிற்றுப்போக்கும் மெல்ல மெல்ல நின்றது. அடுத்த முறை எடை பார்த்தபோது முள் துளி ஏறியிருந்தது. துளிதான். அதற்கு மேஸ்திரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவை வலம் வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! “அப்பப்பா, தூக்கவே முடியல, கை விட்டுப்போகுது” என்று, கேட்காதவர்களிடமெல்லாம் அலுத்துக்கொண்டார்.