உட்கார்ந்து செய்யும் வேலை

காலையில் வந்ததும் ஷாரன் முதலில் செய்வது நீக்குகிற வேலை. ஆள் எடுத்து முடிந்த விளம்பரங்களை வேலைவாய்ப்பு இணையதளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூந்தமல்லியிலிருந்தோ திருநின்றவூரிலிருந்தோ யாராவது பஸ் ஏறிப் போய், வாட்ச்மேனிடம் பேசிவிட்டுத் திரும்புவார்கள். அன்று பதினொன்றை நீக்கிவிட்டுப் புதியவற்றைத் திறந்தாள். கம்பெனிகள் வாட்ஸ்அப்பில் அரைகுறை ஆங்கிலத்தில் அனுப்புவதை அவள் தமிழில் எழுதி ஏற்றுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி, நாலு மேசை. அந்த இணையதளத்துக்கு எடிட்டர் அவள் ஒருத்திதான்.

பக்கத்தின் அடியில், தவறு இருந்தால் தெரிவிக்கவும் என்று ஓர் எண் போட்டிருந்தது. அவள் மேசையில் இருக்கும் போன் அது. பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. பத்தேகாலுக்கு அடித்தது.

"உக்காந்து செய்ற வேலைன்னு போட்டுகீறீங்களே, யாருமா எழுதுனது?"

"நான்தாம்மா. எந்தக் கம்பெனி?"

"நூம்பல்ல, பிளாஸ்டிக் மூடி கம்பெனி. வேப்பம்பட்டுலேந்து ரெண்டு வண்டி மாறிப் போனேன். மூணு நாளு நின்னுகினே செஞ்சேன். கால் நரம்பு சுருட்டிகினு கீது எனக்கு. நிக்காதன்னாரு டாக்டரு. அதுக்கோசரந்தானே உங்குளுத பாத்துட்டுப் போனேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் ஷாரனுக்குக் கஷ்டமாக இருந்தது. விளம்பரத்தைத் தேடித் திறந்தாள். கம்பெனி அனுப்பியதை அப்படியே தமிழாக்கியிருந்தாள். அன்றைக்கு நாற்பது விளம்பரம். போன் போட்டு விசாரிக்கவில்லை.

"தப்பு என்னுதும்மா. கேக்காம போட்டுட்டேன்."



"சரி உடு. யாரு இத்த ஒத்துக்கறாங்க," என்றது குரல். பெயர் கேட்டதற்கு, பொன்னம்மாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கம்பெனி மேனேஜர் கங்காதரனை ஷாரன் கூப்பிட்டாள்.

"ஸ்டூல் இல்லையா சார்?"

"குடோன்ல கெடக்குது மேடம். உக்காந்தா கை ஸ்லோவாயிடும்."

அவள் அந்த வரியை மாற்றினாள். 'எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை.'

இரண்டு வாரம் அந்தக் கம்பெனிக்கு ஒருத்தரும் போகவில்லை. கங்காதரன் இணையதளத்தின் முதலாளி திருமுருகனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். திருமுருகன் தேனிக்காரர், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். ஷாரனின் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்த வரிய எடுத்துட்டா என்ன?"

"பொய்யாயிடும் சார்."

"மாசம் முப்பது விளம்பரம் குடுக்குறாங்க ஷாரன். வேற சைட்டுக்குப் போயிருவேங்குறாங்க."

அவள் அந்த விளம்பரத்தைத் திரையில் திறந்தாள். போன மாதம்தான் இன்னொரு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். திருமுருகன் குனிந்து திரையில் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"நெசத்தத்தான எழுதியிருக்க. இருக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் சொல்லும் ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துக் கங்காதரனே கூப்பிட்டார். "ஸ்டூல் போட்டாச்சு மேடம். இப்ப மாத்திருங்க."

"பாத்துட்டு மாத்துறேன் சார்."

அவள் உடனே பொன்னம்மாளுக்குத் தகவல் சொல்லப் போன் செய்தாள்.

"நான் திரும்ப சேந்து நாலு நாளாவுது கண்ணு," என்றாள் பொன்னம்மாள். "அங்க பழகுன பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு. நீ வா, வந்து பாரு."

வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பல் கம்பெனிக்கு நடந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீள மேசை. இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள் சின்ன பிளேடால் மூடிகளின் பிசிரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஷாரன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். ஆறு ஸ்டூல்தான்.

மூன்றாவது ஸ்டூலில் இருந்த ஐம்பது வயதுக்காரி கையைத் தூக்கி, "வா கண்ணு," என்றாள். குரலை வைத்துத்தான் ஷாரனுக்கு அடையாளம் தெரிந்தது.

"ஆறுதானாம்மா?"

"அரை மணிக்கு ஒருத்தி. ஒரு நாளுக்கு ஆளுக்கு ரெண்டு மொற வருது. என் காலப் பாத்துட்டு இதுங்க எனக்கு மட்டும் மூணா குடுக்குதுங்க. நீ எழுதலன்னா இது ஏது கண்ணு?" பொன்னம்மாள் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள். "உக்காரு."

"வேணாம்மா. உங்க முறை."

"உனுக்கு நான் வேற இன்னா தரப்போறேன். உக்காரு."

தோளில் கை வைத்து அழுத்தினாள். ஷாரன் உட்கார்ந்தாள். பலகை சூடாக இருந்தது.

பொன்னம்மாள் நின்றபடி பிளேடை எடுத்து விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். புடவைக்குக் கீழே கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. சுவர்க் கடிகாரத்தில் அவள் முறை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. வலது பாதத்தைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"நான் சொன்னேன்ல, இந்தப் பொண்ணுதான்."