கெடப்போகிற பழம்தான் முதலில்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் மாம்பழத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எதையும் குப்பையில் போடக் கூடாது. கெடப்போகிற பழத்தைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். சட்டம் போட்டவள் அவர் மனைவி. சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். ஆனால் கறுத்த பழத்தை ஒருவழியாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்துப் பழம் கறுத்துவிடும். மறுநாள் அதன் முறை. இந்தக் கோடையில் இரண்டு டஜன் பழம் உள்ளே போயும், நல்ல பழம் ஒன்றுகூட அவர் நாக்கில் படவில்லை.

அன்று காலை மனசைக் கல்லாக்கிக்கொண்டார். கூடையிலிருந்து, ஆளைத் தூக்கும் வாசனையோடு இருந்த பழம் ஒன்றை எடுத்து, வேலைப் பையில் ஸ்பானர்களுக்கு நடுவே ஒளித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மத்தியானம் மோட்டார் அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எச்சில் ஊறப் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது, நேற்று அவர் முகம் சுளித்துத் தள்ளி வைத்த கறுத்த பழம்.

ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போன் போட்டார். "என் பழம் எங்கே?"

"பைக்குள்ள வச்சிருந்தீங்களே, அதுவா?" வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசினாள் மனைவி. "இந்த வெயில்ல, அத்தனை இரும்புக்கு நடுவுல இடிபட்டு, மத்தியானத்துக்குள்ள கெட்டுப்போயிருக்கும்ல?"

"அதுக்கு?"

"கெடப்போறதைத்தானே முதல்ல சாப்பிடணும்?" என்றாள் அவள். அந்தப் பக்கம் கொட்டையைச் சப்பும் சத்தம் கேட்டது.