பதினோராம் படம்

பல்செட்காரரின் மகளால் ஆண்டில் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. பத்தாம் மாதம் முதல் தேதி விடிந்ததும் அது தொடங்கும், மூன்றாம் மாதம் கடைசி நாளோடு முடியும். அந்த நாட்களில் வாசலைத் தாண்டி அவள் எடுத்து வைக்கும் கால் வெளிப்படியில் பதியாமல் கூடத்து சோபாவுக்குப் பக்கத்தில் வந்து விழும். காலுக்குப் பின்னால் அவளும் வந்து சேர்வாள். வலியோ சத்தமோ இல்லை. கையில் குடை இருந்தால் அதுவும் கூடவே வரும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளுடைய அப்பா பகலெல்லாம் ஊராருக்குப் பல்செட் செய்வார். சாயங்காலம் விரலிடுக்கில் ஒட்டிய பல் அச்சு மாவை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தன் புத்தகங்களைத் தொடுவார். கிரேக்கப் புராணங்களைக் குழந்தைகளுக்காகத் திருப்பிச் சொன்ன, நூறு வருடத்துக்கு முந்தைய படப் புத்தகங்கள். நீலத்துணி அட்டையில் தங்க நிறச் சிறகுள்ள குதிரை, உள்ளே ஒவ்வொரு வண்ணப் படத்தின் மேலும் வெங்காயத் தோல் போல ஒரு தாள். அப்படி ஒரு புத்தகத்தின் பதினோராம் படத்தில், பாதாள உலகின் அரசன் தான் தூக்கி வந்த பெண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தான். கையில் ஆறு மாதுளை மணிகள். அந்தப் பெண் அவற்றைத் தின்றதால்தான் வருடத்தில் பாதியைப் பாதாளத்தில் கழிக்க வேண்டி வந்தது என்பது கதை. பல்செட்காரரின் மகளுக்குக் கதை தெரியாது, அப்போது வயது நாலு. சிவப்பு பளபளப்பாக இருந்தது, அந்த உள்ளங்கையை மட்டும் கிழித்து மென்று விழுங்கிவிட்டாள். தாள்தானே, தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். வந்ததா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பத்தாம் மாதம் அவள் பள்ளிக்கூடப் பையோடு வாசல் தாண்டினாள், சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதையும் லேசில் விடுகிறவள் அல்ல. ஜன்னல் கம்பியை அறுத்துப் பார்த்தாள். மாடிக்கு ஏணி போட்டுப் பார்த்தாள். ஒரு முறை மகளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இரண்டு வார்டு உதவியாளர்களைத் தூக்கச் சொன்னாள். அவர்கள் தெருவில் இறங்கியபோது ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது, பெண் சோபாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். அவளுக்குப் பதினாலு வயதானபோது, பழைய வாசல்தான் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றி, சமையலறைச் சுவரை இடித்துப் புதுவாசல் வைத்தார்கள். கொத்தனார் இடிக்க இடிக்க அப்பாவும் கூடவே நின்று செங்கல்லை எடுத்துக் கொடுத்தார். புதுவாசல் வழியாக இறங்கியவள் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். அதன் பிறகு அந்த வாசலைக் காய்கறிக்காரர் மட்டும் பயன்படுத்தினார்.

பள்ளியில் அவளுக்கு ‘அரையாண்டு’ என்று பெயர் வைத்தார்கள். மாதங்கள் போகப் போக வீட்டிலும் அதுவே நிலைத்தது. பாதிப் பாடத்தை வகுப்பிலும் பாதியைக் கூடத்திலும் படித்து முடித்தாள். வெயில் மாதங்களில் மட்டும் திறக்கிற நீச்சல் குளத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தாள், அவளுக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது. ஒன்பதாம் மாதக் கடைசியில் தோழிகள் வந்து சொல்லிக்கொண்டு போவார்கள். பிறகு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மின்கம்பமும் அதில் கட்டின தட்டச்சுப் பள்ளி விளம்பரமும்தான். அந்த விளம்பரத்தில் உள்ள எழுத்துகள் எத்தனை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் முதலில் காலண்டரைப் பார்ப்பாள், பிறகு வேண்டாம் என்பாள்.

அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதே பதிப்பில், கை கிழியாத பதினோராம் படம் கிடைத்து, அதை நம் புத்தகத்தில் ஒட்டிவிட்டால் பிடி விட்டுவிடும். அதற்காகவே அவர் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார். இருபத்து நாலு வருடத்தில் அலமாரி மூன்றானது. ஆனால் அவர் வீட்டில் காட்டிய பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த உள்ளங்கை மட்டும் இல்லை. ஒன்றில் கத்தரிக்கோல் வெட்டு, ஒன்றில் பூச்சி அரிப்பு, ஒன்றில் மெழுகுவத்திச் சூடு. ஒரு பிரதியின் கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை பென்சிலால், தம்பி இன்னும் வெளியே வரவில்லை என்று எழுதியிருந்தது. அரையாண்டு அதைப் பலமுறை எடுத்துப் படித்தாள்.

அவளுடைய இருபத்தெட்டாம் வயதில், பன்னிரண்டாம் மாதம், அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் திரும்பி வரும்போது சந்தோஷப்படட்டும் என்று அம்மா ஒரு பைண்டரை வரவழைத்து, நைந்த புத்தகங்களைச் சரிசெய்யச் சொன்னாள். பைண்டர் அதிகம் பேசாத ஆள். கூடத்திலேயே பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்தார், அரையாண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் ஒரு பின்னட்டையின் உள்தாளை உரித்தபோது உள்ளே மடிக்காமல் வைத்த ஒரு படம் இருந்தது. அரசன், பெண், நீட்டிய கை, ஆறு மணிகளும். கூடவே பழைய புத்தகக் கடையின் ரசீது. அதில் இருந்த தேதியை அவள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தாள். அன்று அவளுக்கு வயது பதினொன்று.

தையலோடு வீடு திரும்பிய அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, படத்தை எதிரே வைத்தாள். அவர் அதை முதல் முறையாகப் பார்ப்பது போல நடிக்கவில்லை.

“எப்பப்பா கெடச்சுது?”

“அதான் ரசீதுல இருக்கே.”

“ஏன் குடுக்கல?”

அவர் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த வருஷம் வெயில் மாசத்துல நீ தூங்க மட்டும்தான் வீட்டுக்கு வந்த. இன்னும் ஒரே ஒரு தடவ அந்த ஆறு மாசம் இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொல்றதுக்கு தைரியம் வரல.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை. “செவுத்த இடிச்சப்ப நீங்கதான செங்கல் எடுத்துக் குடுத்தீங்க.”

பைண்டர் அன்றே பழைய படத்தைப் பிரித்துவிட்டுப் புதியதை ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பசை காய ஒரு நாள் ஆகும் என்றார். அந்த ஒரு நாளும் மூன்று பேரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அரையாண்டு வாசலைத் தாண்டினாள். கால் வெளிப்படியில் விழுந்தது. படி சில்லென்று இருந்தது, பன்னிரண்டாம் மாதத்தில் அது இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்ளே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி போனாள், மின்கம்பத்தைத் தாண்டி, விளம்பரத்தின் முதுகுப்பக்கத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போனாள். அவளைக் கூப்பிடுவதற்காகவோ, சும்மா கூட நடப்பதற்காகவோ, அப்பா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். அவர் கால் சோபாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை. அம்மா காலண்டரைப் பார்த்து, மூன்றாம் மாதக் கடைசி வரை என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

அரையாண்டு அடுத்த வருடம் பைண்டரைக் கட்டிக்கொண்டு, எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு துறைமுக ஊருக்குக் குடிபோனாள். அங்கே கூரை போட்ட நீச்சல் குளம், வருடம் முழுக்க வேலை. ஆறு வருடம் அவள் அப்பாவோடு பேசவில்லை. அவர் ஒவ்வொரு வருடமும் அந்தக் குளிர் மாதங்களில் புதுவாசலுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு, வெளியே நின்று வாயைத் திறப்பவர்களுக்கு அளவு எடுத்தார். ஊர் பழகிக்கொண்டது. ஏழாம் வருடம் ஒரு முதல் மாதத்தில் அவள் தன் மகளோடு வந்து வெளிப்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே வருவதற்குத் தடை எதுவும் இல்லை, அவள் வரவில்லை. அப்பா கூடத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். காலையிலேயே மூன்று அலமாரிகளையும் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார். ரயில் எப்படி இருந்தது, தையல் இன்னும் இழுக்கிறதா என்பது போலச் சில கேள்விகள் வாசலைத் தாண்டிப் போய் வந்தன. குழந்தை தண்ணீர் டம்ளரை இங்கேயும் பிஸ்கட்டை அங்கேயும் கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் அதன் கால் எங்கே விழுகிறது என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். வைத்த இடத்திலேயே விழுந்தது.

கிளம்பும்போது குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்து, ஸ்டேஷனுக்கு நீங்க வரலியா தாத்தா என்று கேட்டது. லீவு எப்போது என்று கேட்டவருக்குச் சொல்வது போல அவர் சொன்னார்: “நாலாம் மாசம் வரேன்.”

அரையாண்டு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றாம் தேதி ரயிலில் கூட்டம் அதிகமாக இருக்கும், இரண்டாம் தேதி வாங்க என்றாள்.